தொப்பி குடுக்க வந்த ஆளு

சரி, குடுத்துட்டே. தொப்பி வந்து சேந்துடுச்சு. உடனே கிளம்பணும்னு என்ன இருக்கு? உக்காரு தம்பி. அந்த நீல ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், அதைப் பழக்கமில்லாதவங்களுக்குன்னு வச்சிருக்கேன். இந்தச் செவப்பை இழுத்துப் போட்டுக்க. ஆங், அப்படி. முட்டி காது வரைக்கும் வருதேன்னு பாக்காதே. நடைபாதை டீக்கடையில சோபாவா போட முடியும்? நெட்டையா வளந்தது உன் தப்பு.

ஐஸ் நெறையப் போடறேன். ஆகஸ்ட் முடியப் போகுது, இன்னும் இந்த வெயில் எறங்க மாட்டேங்குது பாரு. கடலை மிட்டாய் எடுத்துக்க. அட, சும்மா எடு.

ஹைஃபோங்ல இருந்து ஹனோய்க்கு ரயில்ல ரெண்டரை மணி நேரம். திரும்பிப் போக இன்னொரு ரெண்டரை. அஞ்சு மணி நேரம் ரயில்ல ஆடிக்கிட்டு வந்து போறது எதுக்குன்னா, ஆறு வயசுப் பொண்ணோட துணித் தொப்பிக்கு. அதுவும் நாடா பிஞ்ச தொப்பி. என் பேத்தி இதைத் தேடவே இல்ல தெரியுமா? தொலைஞ்சதே கோமுக்குத் தெரியாது. இல்லப்பா, நான் குத்தம் சொல்லல. நல்ல பழக்கம்தான். அடுத்தவங்க பொருளு நம்ம வண்டியில கிடந்தா தூக்கம் வராது.

என்ன, நான் பேசறது புரியலையா? காத்து போகுது தம்பி, பல்லு இல்லாத எடத்துல. கட்டின முன்பல்லு ரெண்டும் உங்க ஊர்க் கடல்லதானே கிடக்கு. புதுசு கட்ட அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார் டாக்டர். அது வரைக்கும் இந்த லுவா கிழவி பேச்சு பாதி பேச்சு, பாதி ஊதல். பக்கத்து வீட்டுக்காரி வேற, நிலாக் கணக்கு ஏழாம் மாசத்துல கடல் பக்கம் போகாதேன்னு சொன்னேனே, பேய்ங்க அலையற மாசமாச்சே, கேட்டியாங்கறா. பேய் வந்து எம் பல்லை எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, அதுக்கு வேற வேலையில்லைன்னுதான் அர்த்தம்னேன்.

மியெனா? வேலைக்குப் போயிருக்கா. வேற எங்க போவா? நீயும் ஆறு வருஷம் அதே தையல் ஃபேக்டரியில மிஷின் ரிப்பேர் பாத்தவன்தானே. வேலை நாள்ல மத்தியானம் மூணு மணிக்கு அங்க வேலை பாக்கற பொண்ணு எங்க இருப்பான்னு உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கே. என் மருமக இல்லாத நேரமாப் பாத்து, கிழவி கையில தொப்பியைத் திணிச்சுட்டு, அடுத்த ரயிலைப் பிடிச்சிடலாம்னு. டீயைக் குடி, டீயைக் குடி. மூஞ்சியை டம்ளருக்குள்ள மறைச்சாலும் காது தெரியுது. செவந்து போச்சு.

கோம் நோட்டு வாங்கப் போயிருக்கா, மாடி வீட்டுப் பொண்ணோட. அஞ்சாம் தேதி பள்ளிக்கூடம் தொறக்குது. ஒண்ணாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தாலதான் இந்தக் கடல் பயணமே வந்துச்சு, உனக்குத் தெரியுமோ என்னமோ. பேர் எழுதப் போனப்ப அந்த டீச்சரம்மா, கடல் பாத்தவங்க எல்லாம் கை தூக்குங்கன்னு கேட்டாளாம். எல்லாப் புள்ளைங்களும் தூக்கிச்சாம். நம்ம கோமும் தூக்கிடுச்சு. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. பொய் சொல்லிட்டேன் பாட்டி, பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள கடலைக் காட்டு, இல்லேன்னா அது பொய்யாவே இருந்துடும்னு.

அப்ப மியென் சொன்னா, ஞாயித்துக்கிழமை காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடலாம், தோசோன் போலாம்னு. எந்த ஊர்க் கடலுன்னு நான் கேக்கவே இல்ல, அவளே சொன்னா. சொல்லிட்டு வெங்காயம் உரிக்கிறதுல ரொம்பக் கவனமா இருந்தா. நான் என்ன சொல்லணும்? சரிம்மா, தோசோன்னா ஹைஃபோங் வழியாத்தானே போகணும், அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களான்னு கேட்டேன். இல்லையே அத்தைன்னா. ஒரே சொல்லு. வெங்காயம் ரெண்டா இருந்தது நாலாச்சு, நாங்க மூணு பேருதான் சாப்பிடறது.

சிரிக்கிறியே. இன்னும் கேளு. சனிக்கிழமை சாயங்காலம் சீயக்காயும் பம்பளிமாஸ் தோலும் போட்டு வெந்நி காய்ச்சி தலைக்குக் குளிச்சா. மூணு சட்டை எடுத்து இஸ்திரி போட்டா. எதுக்கும்மா மூணுன்னேன். ஒண்ணு நனைஞ்சா மாத்த, ஒண்ணு அழுக்கானா மாத்தன்னா. மூணாவது எதுக்குன்னு நான் கேக்கல. பாவம், ரொம்ப விரட்டக் கூடாது.

அப்புறம் ஞாயித்துக்கிழமை. ஆமா, நீதான் கூடவே இருந்தே. ஆனா நீ பாத்த ஞாயித்துக்கிழமை வேற தம்பி, நான் பாத்தது வேற. நீ அவளை மட்டும் பாத்தே. நான் உங்க ரெண்டு பேரையும் பாத்தேன்.

ரயிலை விட்டு எறங்கறோம், ஸ்டேஷன் வாசல்ல நீ. அட லுவா பெரியம்மாவா, இந்தப் பக்கமாப் போயிட்டிருந்தேன், ஒரு ஆளை விட வந்தேன்னு சொன்னே. காலையில எட்டரை மணிக்கு, கூட்டாளியோட காரைக் கழுவித் துடைச்சு எடுத்துக்கிட்டு, உள்ள மூணு தண்ணி பாட்டில் குளிர வச்சுக்கிட்டு, இந்தப் பக்கமா. அந்த ஆளை விட்டாச்சான்னு கேட்டேன், விட்டாச்சுன்னே. எந்த ரயில்லன்னு கேட்டிருக்கணும். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

கொஞ்சம் இரு. என்னண்ணே, ஒரு ஐஸ் டீயா? இந்தாங்க. தீப்பெட்டி அங்கதான் இருக்கு. இவரா? இவரு ஹைஃபோங்க்காரரு. தொப்பி வியாபாரம்.

கோவிச்சுக்காதே. அந்த ஆளு இந்தத் தெருமுனையில பைக் டாக்ஸி ஓட்டறவரு. அவருகிட்ட நெசத்தைச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள சந்து முழுக்கப் பரவிடும்.

எங்க விட்டேன்? ஆங், நூடுல்ஸ் கடை. அந்தச் சந்துக்குள்ள கூட்டிட்டுப் போனியே, பழுப்பு நூடுல்ஸ்ல நண்டுச் சாறு ஊத்தித் தருவாங்களே, அந்தக் கடை. நல்லாத்தான் இருந்துச்சு, அப்ப எனக்குப் பல்லு இருந்துச்சு. நாலு கிண்ணம் சொன்னே. சொல்லிட்டு, நான் பக்கத்துல இருக்கிறதையே மறந்துட்டு, ஒண்ணுல மட்டும் வெங்காயத்தாள் போடாதீங்கன்னு சொன்னே பாரு, அங்க மாட்டிக்கிட்டே. மியென் வெங்காயத்தாள் தின்ன மாட்டான்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு தம்பி. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து தட்டோரமா ஒதுக்கி வச்சு, யாரும் பாக்காதப்ப பூனைக்குப் போடுவா. வாயைத் திறந்து சொல்ற ஜாதி இல்ல அவ. உனக்கு எப்படித் தெரியும்? ஃபேக்டரி கேன்டீனா. கேன்டீன்ல அறுநூறு பேரு சாப்பிடறாங்க. மத்த ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு எதை ஒதுக்குவாங்கன்னு சொல்லு பாப்போம்.

அன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்னு நினைச்சியா? நம்ம வீட்டுத் தையல் மிஷின் இருக்கே, எங்க வீட்டுக்காரரு காலத்துது, அது முப்பது வருஷமா ஒரு நாள் படுத்ததில்ல. நீ ரிப்பேர் பாக்க ஆரம்பிச்சதும் வருஷத்துக்கு நாலு தடவை படுத்துச்சு. நீ ஹைஃபோங் ஷூ ஃபேக்டரிக்கு மாறிப் போனே, மிஷின் பழையபடி நல்லா ஓடுது. இந்த அதிசயத்தை யாருகிட்டயாவது கேக்கணும்னு ஒரு வருஷமா வச்சிருக்கேன்.

தோசோன் போற வழியில கோம் வாந்தி எடுத்துச்சு. கூட்டாளி கார்ல, அதுவும் சீட்டு மேல. நான் பதறிட்டேன். நீ வண்டியை ஓரங்கட்டி, எறங்கி, உன் சட்டையைக் கழட்டித் துடைச்சே. துடைச்சுக்கிட்டே அந்தப் புள்ளகிட்ட, நண்டு திரும்பக் கடலுக்குப் போகணும்னு அடம் பிடிக்குது, அதான்னு சொன்னே. அழப் போன புள்ள அப்படியே நிறுத்திட்டு யோசிக்க ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் கேட்டா பாரு, மாமா நீங்க அம்மாவுக்கு ஃபிரெண்டா, பாட்டிக்கு ஃபிரெண்டான்னு. நீ திருதிருன்னு முழிச்சு, பாட்டிக்குன்னே. எப்ப இருந்துப்பா நாம ரெண்டு பேரும் ஃபிரெண்டு? எனக்கு அறுபத்தி மூணு வயசு. சந்துல பேசிக்குவாங்க.

கடலைப் பாத்ததும் கோம் மூஞ்சி விழுந்ததே, ஞாபகம் இருக்கா? படத்துல எல்லாம் நீலமா இருக்கே பாட்டி, இதுல யாரோ காப்பியைக் கொட்டிட்டாங்களேன்னா. நீ என்னமோ உன் சொந்தக் கடல் மாதிரி வக்காலத்து வாங்கினே. ஆத்து மண்ணு, செவப்பு ஆறு, வண்டலு, மீன் நெறையக் கிடைக்கும்னு. ஆறு வயசுப் பொண்ணுக்கு வண்டல் மண்ணைப் பத்திச் சொல்லிக்கிட்டு நிக்கிறான் ஒரு முப்பத்தஞ்சு வயசு ஆளு. மியென் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அவதான் வெயில் சட்டை, முகத்துணி, கையுறைன்னு கண்ணு மட்டும் தெரியற மாதிரி மூடிக்கிட்டு நின்னாளே. நீ அந்தக் கண்ணையே பாத்துக்கிட்டு மண்ணைப் பத்திப் பேசினே.

அப்புறம் எம் பல்லு. நான் எறங்கியே இருக்கக் கூடாது. பூப்போட்ட பைஜாமாவோட, அந்த ரப்பர் வளையத்துக்குள்ள மாட்டிக்கிட்டு, கோமுக்கு தைரியம் சொல்லித் தரேன்னு போனேன். ஒரு அலை. ஒண்ணே ஒண்ணு. காலு மேல, தலை கீழ. எந்திரிச்சு வாயை மூடறேன், நாக்கு வெளிய வருது. நான் சொன்னது யாருக்கும் புரியல. கோமுக்குத்தான் புரிஞ்சுது. பாட்டி பல்லைக் கடல் தின்னுடுச்சுன்னு கத்தி, கரையில இருந்தவன் எல்லாம் திரும்பிப் பாத்தான்.

நீ சட்டையில்லாமத்தான் இருந்தே, அப்படியே முங்கினே. காப்பி நிறத் தண்ணி, கை முழுகினா விரல் தெரியாது, அதுல ரெண்டு பல்லைத் தேடறே. மொத முங்கல்ல ஒரு கிளிஞ்சல் எடுத்துட்டு வந்து இதுவா பெரியம்மாங்கறே. ரெண்டாவது பீர் மூடி. மூணாவது உயிரோட ஒரு நண்டு, அது உன் விரலைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. ஆனாலும் அந்த நண்டோடயே கையை நீட்டி, இதுவான்னு கேட்டே பாரு.

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

உனக்கு நண்டு கவனம். நான் திரும்பிப் பாத்தேன். மியென். முகத்துணியைக் கழட்டிட்டா, குனிஞ்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. சின்னப் பொண்ணு மாதிரி. மூச்சு முட்டி, கண்ணுல தண்ணி வந்து, நிறுத்த முடியாம. முட்டியளவு தண்ணியில பல்லில்லாம நின்னுக்கிட்டு நான் யோசிக்கிறேன், இது யாரு சிரிப்புன்னு. என் மகன் துவான் இருந்த காலத்துல கேட்டது. ராத்திரி அவங்க ரூம்ல இருந்து வரும், நான் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு, என்னதான் அப்படி இருக்கோ பேசறதுக்குன்னு முனகுவேன். அவன் போனப்புறம் அந்தச் சத்தம் வீட்ல இல்ல. அஞ்சு வருஷம். நானும் கவனிக்கல தம்பி. புன்னகைப்பா, தலையாட்டுவா, சரிங்க அத்தைம்பா. அதையே சிரிப்புன்னு நினைச்சுட்டேன்.

இன்னொரு டீ ஊத்தறேன். இரு. ஆறு மணி ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு.

மத்தியானம் சாப்பிட்டப்புறம் சவுக்கு மரத்துல தொட்டில் ஊஞ்சல் கட்டியிருந்தாங்களே, அதுல நானும் கோமும் படுத்தோம். கோம் தூங்கிட்டா. நான் தூங்கல. குறட்டை விட்டேனா? அது விட்டது. வேணும்னு விட்டது. நீங்க ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போகட்டுமேன்னுதான்.

போனீங்க. அலையைத் தடுக்கக் கல்லு போட்ட கரையில, அந்தப் படியில போய் உக்காந்தீங்க. நடுவுல இன்னும் ரெண்டு பேரு உக்காரலாம், அவ்வளவு தள்ளி. நீ பேசினே. ரொம்ப நேரம் பேசினே. கையால என்னமோ காட்டினே, வீடு மாதிரி, கூரை மாதிரி. கோம் உயரத்துக்குக் கையை வச்சுக் காட்டினே. அப்புறம் என் பக்கமாத் திரும்பி, ஊஞ்சலைக் காட்டி ஏதோ சொன்னே. எனக்குக் காது கேக்கல, கண்ணு நல்லாத்தான் இருக்கு.

அவ தலையை ஆட்டினா. இல்லேன்னு. மறுபடி நீ ஏதோ சொன்னே. மறுபடி இல்லே. அதுக்கப்புறம் நீ கடலையே பாத்துக்கிட்டு இருந்தே. அவ எந்திரிச்சு வந்தா, முகத்துணியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு. என்னம்மான்னேன். காத்துல மண்ணு பறந்து கண்ணுல விழுந்துடுச்சு அத்தைன்னா. ஒரு சவுக்கு ஊசி கூட அசையல அந்த நேரத்துல. புழுக்கம் அப்படி.

திரும்பிப் போற வழியெல்லாம் கோம்தான் பேசிக்கிட்டு வந்தா. ஸ்டேஷன்ல எறக்கி விட்டுட்டு, நல்லபடியாப் போயிட்டு வாங்க பெரியம்மான்னே. அந்த அவசரத்துலதான் தொப்பி வண்டியிலயே கிடந்துடுச்சு. ரயில்ல மியென் ஜன்னல் பக்கம் உக்காந்தா. கோம் தலையை மடியில வச்சுக்கிட்டா. வெளிய இருட்டு, கண்ணாடியில அவ மூஞ்சிதான் தெரியுது, அதையே ஹனோய் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு வந்தா. நான் எதிர்ல உக்காந்து வாயைக் கைக்குட்டையால மூடிக்கிட்டு வந்தேன். பல்லு இல்லாததால மட்டுமில்ல.

இதெல்லாம் நடந்து மூணு நாளாச்சு. இப்ப சொல்லு. எதுக்கு வந்தே? தொப்பிக்கதை போதும்.

என்னது? எங்க?

தெக்கேயா. அவ்வளவு தூரம். ரயில்ல ரெண்டு நாளாகுமே. அங்க உங்க கம்பெனி புதுசா ஃபேக்டரி தொறக்குதா. நீயே கேட்டு மாத்தல் வாங்கினியா, இல்ல அவங்க போடறாங்களா? நீயே கேட்டு. எப்ப? திங்கக்கிழமை காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டியா. பத்தாம் தேதி கிளம்பணும்.

ம்.

அதான் தொப்பியைக் குடுக்க வந்தே. இந்தப் பக்கத்துது ஒண்ணும் கையில இருக்கக் கூடாதுன்னு. புரியுது. நான் என்னமோ உன்னை ஒரு மணி நேரமா ஓட்டிக்கிட்டு இருக்கேன். பல்லில்லாத வாய்க்கு வேற வேலை இல்ல பாரு.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு அவ என்ன காரணம் சொன்னா? உன்னைப் பிடிக்கலைன்னு சொன்னாளா? சொல்லல. துவானை மறக்க முடியலைன்னு? அதுவும் இல்ல. கோமுக்காகன்னு? முடியாதுன்னு மட்டும் சொன்னாளா? என்னால முடியாது, என்னைக் கேக்காதீங்க, அவ்வளவுதானா? எதுக்குன்னு ரெண்டாந் தடவை கேட்டியே, அப்பவுமா?

பாத்தியா. அப்பவும் என்னைக் காட்டிக் குடுக்கல.

அந்த டம்ளரைக் கீழ வை. துவான் செத்தது குளியலறையில. தலைவலிக்குதும்மான்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனான், முப்பத்தொரு வயசு, மூளையில ரத்தம் கட்டிடுச்சுன்னாங்க. எனக்கு அவன் ஒருத்தன். அவங்கப்பா எப்பவோ போயிட்டாரு. இழவுக்கு வந்த பொம்பளைங்க கொல்லையில பாத்திரம் கழுவிக்கிட்டே பேசறாங்க, பொண்ணுக்கு இருபத்தாறுதான் ஆகுது, ஒரு வருஷம் தாங்குமா, புள்ளையைத் தூக்கிக்கிட்டு எவன் கூடவாவது போயிடும், கிழவி தனியாக் கிடக்கணும்னு. அதைக் கேட்டுட்டேன். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல. மகனை நினைச்சு அழுதேன்னு எல்லாரும் நினைச்சாங்க. பாதி அதான். மீதி, அந்தப் பேச்சு.

அவன் செத்த நூறாம் நாள் சாமான் எல்லாம் படைச்சு, வந்தவங்க போனப்புறம், அவளைக் கூப்பிட்டேன். துவான் படத்துக்கு முன்னாடி உக்கார வச்சேன். கோமைத் தூக்கி அவ மடியில போட்டேன். ஊதுவத்தியைக் கொளுத்தி அவ கையில குடுத்து, சொல்லுன்னேன். இந்த வீட்டை விட்டு, என்னை விட்டு, இன்னொருத்தன் கூடப் போக மாட்டேன்னு உம் புருஷன்கிட்டச் சொல்லு. அவ என்னை ஒரு தடவை பாத்தா. சாம்பல் அவ விரல்ல விழுந்துச்சு, தட்டி விடல. சொன்னா. நான் சொல்லச் சொன்ன வார்த்தையை ஒண்ணு விடாமச் சொன்னா.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எங்களுக்குள்ள வந்ததில்ல. வார்டுல பொம்பளைங்க கூட்டத்துல அவளுக்கு நல்ல மருமகள்னு ஒரு காகிதம் குடுத்தாங்க, சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். யாரு வந்தாலும் காட்டுவேன். உனக்கும் காட்டினேன் ஒரு தடவை, மிஷினு பாக்க வந்தப்ப.

இன்னைக்கு ஏழாம் மாசப் பௌர்ணமி. செத்தவங்களுக்கே மன்னிப்புக் கெடைக்கிற நாளாச்சே. காலையில அவ வேலைக்குப் போனதும் ஊதுவத்தி ஏத்தி, துவான்கிட்ட பேசினேன். நான் வாங்கின வாக்கை நானே திருப்பிக் குடுத்துடறேன்டா, அது உனக்காக வாங்கினது இல்ல, எனக்குப் பயமா இருந்துச்சுன்னேன். தட்டுல ரெண்டு காசைச் சுண்டிப் போட்டேன். ஒண்ணு பூவும் ஒண்ணு தலையும் விழுந்தாத்தானே அவங்களுக்குச் சம்மதம். மொதத் தடவை ரெண்டும் பூ. ரெண்டாந் தடவையும் ரெண்டும் பூ. மூணாவதுதான் சரியா விழுந்துச்சு. அவன் எப்பவும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினாலும் மூணாவது தடவைதான் எந்திரிப்பான்.

நானா? எனக்கென்ன, கடை இருக்கு, ஏரிக்கரையில காலையில நாங்க நாப்பது கிழவிங்க உடற்பயிற்சி பண்றோம், ரேடியோவைத் தூக்கிட்டுப் போறது நான்தான். பயம் போயிடுச்சான்னா போகல தம்பி. அப்படியே இருக்கு. கோம் இல்லாத வீட்டை நினைச்சா ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கறேன். அது எம் பயம், நான் வச்சுக்கறேன். இத்தனை நாளா அதை அவ சுமந்தா.

அவகிட்ட இன்னும் சொல்லல. காலையில அவ செருப்பு மாட்டறப்ப சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டியான்னு வந்துச்சு. அன்னைக்கு அவ்வளவு பேசின வாயி. அதனால நீ சொல்லு. அத்தை வாக்கைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, துவான்கிட்டயும் சொல்லிட்டாங்கன்னு சொல்லு. அதுக்கப்புறமும் அவ முடியாதுன்னு சொன்னா, அது அவளோட சொல்லு, நீ தெக்கே போ, நான் வழியில தின்ன ஏதாவது கட்டித் தரேன். சரின்னு சொன்னா இந்த மாசம் வேணாம், பேய் மாசம். எட்டாம் மாசம் வெத்தலை பாக்குத் தட்டோட வா. பொண்ணு வீட்டுப் பக்கம் யாரு நிப்பாங்கன்னு கேக்காதே, நான்தான் நிப்பேன்.

எந்திரி, மணி நாலரை ஆகப் போகுது. அந்தண்ணன் பைக்குல ஏறிக்க, இருபது நிமிஷம். ஃபேக்டரியில அஞ்சு மணிக்குச் சங்கு ஊதும். நீ இருந்தப்ப மாதிரி முன் கேட்டுல போய் நிக்காதே, அங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. பொண்ணுங்க எல்லாம் இப்ப பின் கேட்டு வழியாத்தான் வர்றாங்க.